அயராக் காவல்

சத்திரசிகிச்சை என்றதும் நம் நெஞ்சில் முந்தித் தோன்றுவது கத்தியேந்திய வைத்தியரின் கையாகும். நோயாளியின் தலைமாட்டிலிருந்து அவர்தம் உயிரைக் காத்துநிற்கும் மயக்கமருந்து வைத்தியரைப் பலரும் நினைப்பதில்லை. அவர் கடமை யாதென ஈண்டு ஆராய்வோம்.

1846 ஆம் ஆண்டு ஒற்றோபர் 16 ஆந் தேதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், வில்லியம் மோட்டன் என்பார் ஈதர் ஆவியால் ஒருவரை உணர்விழக்கச் செய்ய, அவர் கழுத்திலிருந்த கட்டிக்குச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. உலகம் மகிழ்ந்தது. ஆயினும் 1848 சனவரி 28 இல், இங்கிலாந்திலே கால்நகம் களைதற்பொருட்டுக் குளோரோபோம் கொடுக்கப்பெற்ற 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்தாள். சிகிச்சை சிறிதாயினும் மயக்கம் சிறிதன்று என்பதை அம்மரணம் உணர்த்திற்று.

மயக்கத்தில் நேரும் இடர்கள் எவை? தசைகள் தளர, நாக்குப் பின்சரிந்து மூச்சுவழியை அடைத்தல் கூடும். மருந்து சுவாசத்தைக் குறைக்கும், குருதியமுக்கத்தைத் தாழ்த்தும். இரைப்பையில் உணவிருப்பின் அது மேலெழுந்து நுரையீரலுட் புகுதலும் உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் உணவு உண்ணலாகாதென வைத்தியர் பணிப்பது இதனாலேயே. விழித்திருப்பவன் மூச்சு முட்டினால் முறையிடுவான். மயங்கினவனோ ஒன்றுஞ் சொல்லான். ஆதலின் அவனுக்காகப் பிறரொருவர் உணர்தல் வேண்டும்.

இக்காவலுக்கு முறைவகுத்தோருள் ஹாவி குஷிங் ஒருவர். மருத்துவ மாணவராயிருந்த காலத்திலேயே, நோயாளியின் நாடியையும் சுவாசத்தையும் தாளிற் குறித்துவருதலைத் தம் நண்பர் கொட்மனுடன் தொடங்கினார். 1901 இல் இத்தாலியிற் கண்ட குருதியமுக்கமானியை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தார்.

ஆனால் அறிகுறியைக் காண்டல் வேறு. அதன் பொருளை உணர்தல் வேறு. 1952 இல் கோப்பன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, சுவாசக்கருவியின் உதவிபெற்ற முதல் 31 பேருள் 27 பேர் இறந்தனர். குருதியமுக்கம் உயர்ந்து, உடல் வியர்த்தது, காரணம் தெளிவாகவில்லை. மயக்கமருந்து வைத்தியர் பியோன் இப்சன், உடலிற் காபனீரொட்சைட்டு தேங்கியதன் விளைவே அஃதெனக் கண்டார். 12 வயதுச் சிறுமியொருத்தியின் தொண்டையிற் குழாய் செருகி, பையை அழுத்திக் காற்றூட்டினார். அவள் பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து இரவுபகலாகக் கையாலேயே நோயாளருக்கு மூச்சளித்தனர். அவ்வனுபவத்தின் பயனாக 1953 இல் அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றிற்று.

1974 இல் ஜப்பானியரான தக்குவோ அயோயாகி, நாடித்துடிப்பைக் கொண்டு குருதியின் ஒட்சிசன் நிறைவை ஒளியால் அளக்கும் நெறியை வெளியிட்டார். இன்று விரலிற் பொருத்தப்படுங் கருவி, உதடு நீலம்பாரிப்பதைக் கண் காணுமுன்னரே எச்சரிக்கின்றது. எனினும் குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அதனை மயக்கலாம். கருநிறத் தோலில் அது உண்மையினுங் கூடிய அளவைக் காட்டுதலும் உண்டு. மேலும், ஒட்சிசன் ஊட்டப்பெறும் நோயாளியின் சுவாசம் குன்றினும் சிலபொழுது எண் நன்றாகவே இருக்கும். ஆகவே, வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டையும் அளக்கின்றனர். நெஞ்சின் அசைவையும் நோக்குகின்றனர்.

மருத்துவம் பயிலப்போகும் மாணவர்காள்! கருவி எண்ணைத் தரும்; எண்ணின் கருத்தை அறிபவன் மனிதனே. தன்னை மறந்து கிடப்பவன் தன் உயிரையே நும் கவனத்தில் ஒப்படைக்கின்றான். மருந்தூட்டும் கையினும் விழித்திருக்கும் அறிவே அவனுக்குப் பெருந்துணையாம்.