சபையின் வரலாற்றை யாரிடம் கேட்பாய்?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன்.

உங்கள் சபையின் வெள்ளிவிழா மலருக்கு நீ எழுதிய பக்கங்களைப் படித்தேன். அஸ்திவாரம் போட்டது எப்போது, பிரதிஷ்டைக்கு வந்தவர்கள் யார், ஒலிபெருக்கி யாருடைய காணிக்கை என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆட்களைத்தான் காணோம். முதல் ஜெபக்கூட்டம் யார் வீட்டுத் திண்ணையில் நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு திருத்தம். பெந்தெகொஸ்தே எழுப்புதல் 1906இல் அமெரிக்காவில் பிறந்து நம்மிடம் வந்தது என்று தொடங்கியிருக்கிறாய். லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பின ஊழியர் நடத்திய கூட்டங்கள் உலகையே அசைத்தது உண்மை. சீமோரின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதையும் எழுது. ஆனால் அதற்கு முந்தின ஆண்டே, புனேவுக்கு அருகில் கேட்காவில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்தில் விதவைகளும் பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்களும் எழுப்புதல் கண்டார்கள். இன்னும் பின்னே போனால் நம் தமிழ் மண்ணுக்கே வந்துவிடுவாய். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை அமைத்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், வெளிநாட்டு மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். 1860இல் அவரைச் சுற்றியிருந்த சபைகளில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் எழும்பின. அசூசாவுக்கு 46 ஆண்டுகள் முன்பு!

பிறகு 1920களில், கேரளத்தில் பிறந்து கொழும்பில் வீட்டு வேலை செய்த இராமன்குட்டி என்பவர், பாஸ்டர் பால் என்ற பெயரில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரோடு சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டிருப்பது அதுதான். அருளப்பன், ரமாபாயின் பெண்கள், சீமோர், இராமன்குட்டி ஆகிய எல்லாரையும் வரிசையாக வைத்துப் பார். யாரும் அதிகார பீடத்திலிருந்து வந்தவர்கள் இல்லை.

உன் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், அவரிடம் கேட்டிருப்பாய். லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவும் பகலும் பம்பு ஓடினால்தான் சுரங்கம் தாங்கும். இந்த எழுப்புதலும் அப்படித்தான், கீழேயிருந்து முட்டி வந்தது.

இனி நம் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் சுரங்க நிறுவனம் பதிவானது, 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தொழிலாளர்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். ஊரையும் நிலத்தையும் கொடுத்துவிட்டு மறுகுடியமர்வுப் பகுதிக்குப் போனவர்களும் உண்டு. வந்தவர்களுக்குச் சொந்தம் தூரத்தில், போனவர்களுக்குச் சொந்த ஊரே இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்தால், அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! சபை வளர்ந்ததற்குக் காரணம் தேடினால் அங்கே தேடு. படிப்பு, பட்டம் எதுவும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம் என்ற இடம், வாயைத் திறக்கவே விடப்படாத பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி.

நாம் வெற்று நிலத்தில் விதைக்கவில்லை என்பதையும் மறைக்காதே. தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே உழைத்தார்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த உழைப்பின் கனி. பழைய சபைகளிலிருந்து நம்மிடம் வந்த குடும்பங்கள் உண்டு. அந்தச் சபைகளின் மனவருத்தமும் நம் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

ஒன்றை மட்டும் மிகக் கவனமாகச் செய். "விசுவாசிகள் இத்தனை பேர்" என்று பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாய். கிராமத்துச் சபையைப் பதிவேட்டால் அளக்க முடியாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதிக்கான சலுகையை இழக்கிறார். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. பிள்ளையின் படிப்பையும் வேலையையும் நினைத்து, ஞாயிறுதோறும் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து ஆராதித்தும் தன் பெயரைப் பதிவேட்டில் எழுதவிடாத தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் சபையைத் தாங்கியதை எழுது, பெயரையும் தெருவையும் எழுதாதே. உன் மலரால் ஒரு பிள்ளையின் சான்றிதழுக்கும் ஆபத்து வரக்கூடாது.

ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். பழைய கன்வென்ஷன் நோட்டீஸ்கள், காணிக்கை நோட்டு, ஞானஸ்நானப் பதிவு, வீட்டு வேதாகமத்தின் முதல் பக்கத்தில் குறித்துவைத்த பிறப்பு, இறப்புத் தேதிகள். சுகம் பெற்ற சாட்சிகளை அவரவர் சொன்ன சொல்லிலேயே எழுது, கூட்டியும் சொல்லாதே குறைத்தும் சொல்லாதே. சபையை விட்டுப் போனவர்களையும் போய்க் கேள். கசப்பாகப் பேசினாலும் அதில் உண்மை இருக்கும்.

கட்டடத்தின் தேதி கல்வெட்டிலேயே இருக்கிறது, அதற்கு அவசரமில்லை. சபை ஓலைக் கொட்டகையில் கூடிய காலத்து அம்மாக்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களில் மூத்தவர் பக்கத்தில் பாயில் உட்கார். "முதல் நாள் யார் உங்களைக் கூப்பிட்டது, பாட்டி?" என்று கேள். மலரை அந்தப் பதிலில் தொடங்கு.

ஆசிகளுடன்,
பெரியப்பா