ஓவர்கிளாக் தடுமாறுகிறதா? அக்கா சொல்வதைக் கேள்

தம்பி, ஆட்டத்தின் நடுவில் நீலத்திரை வந்து கணினி நின்றுவிட்டதா? உடனே மின்னழுத்தத்தைக் கூட்டாதே. முதலில் பயோஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோ. எக்ஸ்எம்பி, எக்ஸ்போவையும் அணைத்துவிடு. ரேமுக்குக் கொடுக்கும் அந்த வேகமும் ஓவர்கிளாக்தான். பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியும் கிராஷ் ஆனால் உன் செட்டிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பவர் சப்ளை, ரேம், சிப் என்று தேடவேண்டியதுதான். திரையே வராவிட்டால் பிளக்கைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் வெளியே எடுத்து வை. செட்டிங் எல்லாம் அழிந்து பழைய நிலைக்கு வந்துவிடும்.

டிஃபால்ட்டில் ஒழுங்காக ஓடுகிறதென்றால், இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை நோட்டில் எழுதி வை. கிராஷ் ஆகும் விதமே பாதி விடை சொல்லும். நீலத்திரையில் ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ என்றோ, ‘வியா’ பிழை என்றோ வந்தால் பெரும்பாலும் கோருக்கு மின்னழுத்தம் போதவில்லை. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தாலோ, ஸிப் கோப்புகள் பிரியும்போது பழுதானாலோ ரேமைப் பார். மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிடு. நீலத்திரைகூட இல்லாமல் படக்கென்று அணைந்தால் பவர் சப்ளையையோ சூட்டையோ சந்தேகி. ரைசன் வைத்து கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் அதிகம் போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கனமான டெஸ்ட் எல்லாவற்றிலும் தேறிவிட்டு, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். அதற்கு அந்த மைனஸைக் குறைத்துப் பார்.

மின்னழுத்தம் கூட்டத்தான் வேண்டுமென்றால் 0.01 வோல்ட் அளவில் கூட்டு. சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகம் ஒரு துளி கூடாமலே சூடு ஏறக்குறைய 17 சதவீதம் கூடிவிடும். அதனால் நான் முதலில் மல்டிப்ளையரை ஒன்று குறைக்கச் சொல்வேன். 5 கிகாஹெர்ட்ஸில் 100 மெகாஹெர்ட்ஸ் போனால் 2 சதவீதம்தான். ஆட்டத்தில் கண்ணுக்கே தெரியாது.

நம் ஊர்ச் சூட்டையும் கணக்கில் வை. குளிர்நாட்டுக்காரர் வீடியோவில் காட்டும் எண்ணை அப்படியே போட்டுக்கொள்ளாதே. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இரவு ஏர்கோன் போட்டு 24 டிகிரியில் டெஸ்ட் செய்துவிட்டு, மறுநாள் மதியம் 32 டிகிரியில் ஏர்கோன் இல்லாமல் விளையாடினால், சிப்பும் ஏறக்குறைய அந்த 8 டிகிரி கூடுதலாகவே சுடும். அதனால் டெஸ்டை மதியத்தில், ஏர்கோனை அணைத்துவிட்டு, கேஸை மூடி ஓட்டு. ஓசிசிடி, பிரைம்95, கடைசியில் நீ தினமும் ஆடும் ஆட்டம் என மூன்றிலும் தேறவேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோவில் சூட்டைப் பார்த்துக்கொண்டே இரு. புகைமூட்டக் காலத்தில் ஃபில்டரை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்.

இன்னொன்று, கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை எப்படி வரும் என்று உனக்கே தெரியும். இடி இடிக்கும் நேரத்தில் பயோஸ் அப்டேட் செய்யவே கூடாது. பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம். காலையில் செய். மழை நேரத்தில் விளக்கு மினுக்கியபோது கணினி அணைந்திருந்தால் அதை ஓவர்கிளாக் கணக்கில் எழுதாதே.

இனி முக்கியமானது. உன்னுடையது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால், டிஃபால்ட்டிலேயே தடுமாற வாய்ப்புண்டு. சிப் கேட்ட மின்னழுத்தமே அளவுக்கு மீறிப்போய் உள்ளே தேய்மானம் வந்ததை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, அந்த ஆகஸ்டிலிருந்து பயோஸ் வழியாகத் திருத்தங்களைத் தந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. மாற்றித்தான் ஆகவேண்டும். பெட்டியில் வந்த அந்த டெஸ்க்டாப் சிப்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டி, ஐந்து ஆண்டு ஆக்கியிருக்கிறார்கள். அன்ரியல் என்ஜின் ஆட்டங்கள் திறக்கும்போதே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பொய்ப் பிழை காட்டுவது இதன் பழக்கமான அறிகுறி. பாவம், பிள்ளைகள் நல்ல கிராஃபிக்ஸ் கார்டைக் குறை சொல்லிப் புதிதாக வாங்கப் போகிறார்கள். லோ யாட்டில் வாங்கிய ரசீதைத் தூக்கி எறியாதே. கிள்ளானில் யாராவது பழைய ஐ9-ஐ மலிவாகத் தருகிறேன் என்றால், ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதே.

இன்டெல் 1972-இல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை நம் பினாங்கில்தான் திறந்தது. இன்றும் அங்கே சிப்களைப் பொருத்திச் சோதிக்கிறார்கள். பெட்டியில் போட்ட வேகத்துக்குத்தான் அந்தச் சோதனை பொறுப்பு. அதற்கு மேல் போனால் சோதிக்கிறவன் நீதான், அவசரப்படாமல் செய்.

நிலையில்லாத ரேம், எழுதும் கோப்பையும் சத்தமில்லாமல் கெடுக்கும். விளையாட்டும் அசைன்மெண்டும் ஒரே கணினியில்தானே? எந்த டெஸ்டைத் தொடங்கும் முன்பும் உன் படிப்புக் கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்து, டிரைவைக் கழற்றி வைத்துவிடு.