தேர்தலில் நிற்க நினைக்கும் மருமகனுக்கு

ஹற்றன்



கொழும்பில் ஒரு கடை இரண்டு கடையாகிவிட்ட நிலையில், வரப்போகும் பிரதேச சபைத் தேர்தலில் நம் பகுதியில் நிற்கலாமா என்று கேட்டு, "தொண்டமான் ஐயாவும் முதலாளி வீட்டுப் பிள்ளைதானே" என்று ஒரு திருஷ்டாந்தமும் காட்டி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. திருஷ்டாந்தம் நல்லதுதான், ஆனால் அதில் உனக்குச் சௌகரியமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, கங்காணியாகி, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கிய கருப்பையாவின் மகனாக 1913இல் தமிழ்நாட்டிலேயே பிறந்து, 1924இல் இங்கு வந்து, கம்பளையில் படித்துத் தோட்ட நிர்வாகமும் பழகிய சௌமியமூர்த்தி தொண்டமான், நேருவின் வருகையையொட்டி 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியபோது அதன் கம்பளைக் கிளையில் பொறுப்பேற்றார். 1947இல் நுவரெலியாவின் பாராளுமன்றப் பிரதிநிதியுமானார். இதுவரை உன் கடிதத்திலும் இருக்கிறது. துரைமார் ஸ்தானத்தில் இருப்பவர் தொழிலாளருக்குத் தலைவராவதா என்ற கேள்வியில் நியாயம் உண்டென்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்கு அவர் வாய்ச்சொல்லால் அல்ல, அடுத்த முப்பது வருஷத்தால் பதில் சொன்னார் என்பதையே நீ கவனிக்கவில்லை.

1948இலும் 1949இலும் வந்த பிரஜாவுரிமைச் சட்டங்கள் நம் தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்கையும் பறித்துக்கொண்டன. 1952இல் பிரதமர் காரியாலயத்தின் முன் சத்தியாக்கிரகம் நடந்தும் சட்டம் அசையவில்லை. வாக்கையே மூலதனமாகக் கொண்ட அரசியல்வாதியாயிருந்தால் அன்றே வியாபாரத்துக்குத் திரும்பியிருப்பான். தொண்டமானிடமோ தோட்டந்தோறும் தொழிற்சங்கக் கிளையும், கமிட்டியும், தலைவரும், மாதர் சங்கத் தலைவியும், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பிடிக்கப்படும் சந்தாவும் இருந்தன. வாக்குச்சீட்டு இல்லாதவளுக்கும் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிடும் வல்லமை உண்டென்பதை அவர் அறிந்திருந்தார். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்குபோட்டு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்களே, அந்த அவமானத்தின் நடுவிலும் சங்கம் கலையவில்லை. இடையில் தொண்டமான் பாராளுமன்றத்தில் நியமன உறுப்பினராய் இருந்தாரே தவிர, ஜனங்களின் வாக்கால் அவர் மறுபடி வென்றது 1977இல், மந்திரியானது 1978இல், எஞ்சிய நாடற்றவர்க்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் நிறைவேறியது 1988இல்.

அவரிடம் குறையில்லை என்று நான் சொல்லவரவில்லை. முடிவுகளெல்லாம் ஒரே கையில் சேர்ந்தன. தலைமை வாரிசுரிமைபோல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. அவர் மந்திரி பதவியைக் கண்ட பின்னும் தொழிலாளர் வாழும் லயன் காம்பராக்கள் லயன் காம்பராக்களாகவே நின்றன. இதையெல்லாம் மேடையில் சொல்லி நீ கைதட்டல் வாங்கலாம். அதற்கு முன், நீ நிற்க நினைக்கும் சபையையே எடுத்துக்கொள்: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த 33ஆம் பிரிவின் தடையால், தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினரே தோட்டத்துப் பாதைக்குச் சபைப் பணத்தைத் தாராளமாய்ச் செலவிட முடியாதிருந்தது; 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. உன் கடிதத்தில் சுவரொட்டிச் செலவுக்குக் கணக்கு இருக்கிறது. இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே இந்தத் தேர்தலை விட்டுவிடு என்பதே என் அபிப்பிராயம். கோவில் திருவிழாவுக்கு உபயம் செய்து பெயரெடுக்கும் யோசனையையும் விட்டுவிடு. அதைவிட அவசியமான வேலை ஒன்று இங்கே காத்திருக்கிறது. நம் தோட்டத்தில் ஓய்வுபெற்ற பெண்கள் பலருக்குச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். ஒரு எழுத்து மாறியதற்காகச் சேமலாப நிதிக்குக் கண்டிக்கும் ஹற்றனுக்குமாய் அலைந்து, பஸ் காசுக்கே கடன்படுகிறார்கள். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் தெரிந்த வியாபாரி நீ. உன் தொழிலிலிருந்து இவர்களுக்கு உதவக்கூடியது அதுதான். ஆனால் கடைப் பணத்தையும் இந்தக் காரியத்தையும் ஒரே பேரேட்டில் எழுதாதே. பின்னாளில் எது உபகாரம், எது முதலீடு என்று உனக்கே தெரியாமல் போகும்.

அடுத்த போயா விடுமுறைக்கு முந்திய நாளே வந்துவிடு. நம் தோட்டத் தலைவரிடம் சொல்லி, தேங்கிக் கிடக்கும் சேமலாப நிதி விண்ணப்பக் கட்டை எடுத்துவைக்கச் சொல்கிறேன். வரும்போது கொழும்பிலிருந்து அத்தைக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வா.

இப்படிக்கு,
உன் மாமன்