ஓய்வெடுத்தும் தீராத சோர்வு

பகல் முழுவதும் வயலில் உழைத்தவர் இரவில் அயர்ந்து உறங்குகிறார். விடியலில் புத்துணர்வுடன் எழுகிறார். அவருடைய களைப்பு இயற்கையானது. உழைப்பு அதைத் தந்தது. உறக்கம் அதை நீக்கியது. ஆனால், எட்டு மணி நேரம் உறங்கிய பின்னும் களைப்புடனேயே எழுவதும், சிறு வேலைக்கே கைகால்கள் தளர்வதும், படித்தது மனத்தில் நிற்காமல் போவதும் வாரக்கணக்கில் தொடருமானால், அதற்கு உழைப்பை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட சோர்வு என்பர்.

இத்தகைய சோர்வுக்கு நம் குடும்பங்களில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் மருத்துவம் அன்று; பழிச்சொல். மருமகளிடம் கண்டால் அது 'சோம்பல்'. மாணவனிடம் கண்டால் 'அக்கறையின்மை'. முதியவரிடம் கண்டால் 'வயது'. தியானத்தில் அமர்ந்ததும் கண்கள் சொருகினால், 'இது என் தமோகுணம்' என்று தம்மையே நொந்துகொள்ளும் சாதகர்களும் உண்டு. சோம்பல் உள்ளவரிடம் ஆற்றல் இருக்கும், முனைப்பு இராது. சோர்வுற்றவரிடம் முனைப்பு இருக்கும், ஆற்றல் இராது. இந்த வேறுபாட்டை உணராததால் நோய் வளர்கிறது. நோயாளியின் உள்ளமும் புண்படுகிறது.

பம்பாய் தந்த பாடம்

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். பம்பாயின் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களில் பலர் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகையால் வெளிறித் தளர்ந்தனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. வில்ஸ் அப்பெண்களின் உணவை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தபோது அவர்கள் தேறியதைக் கண்டு, 1931-இல் அம்முடிவை வெளியிட்டார். குன்னூரிலும் சென்னையிலும் அவருடைய ஆய்வுப் பணி நடைபெற்றது. அந்தச் சாரத்தில் இருந்த சத்து எது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்ற வைட்டமினே அது. இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்துடன் அதுவும் வழங்கப்படுகிறது.

அப்பெண்களுக்கு இல்லாமல் போனது மன உறுதியன்று. கடுகளவினும் குறைவான ஒரு சத்து. சோர்வின் மூலத்தைத் தேடுவோர் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இது.

இரத்தமும் உணவும்

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது உருவாவதற்கு இரும்புச்சத்து தேவை. அது குறையும்போது தசைகளுக்கும் மூளைக்கும் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை. தளர்ச்சி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் தோன்றுகின்றன. 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆண்களில் 25 விழுக்காட்டினர். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைவது இரத்தசோகை எனக் கொள்ளப்படுகிறது.

மாதவிலக்கில் மிகுதியான உதிரப்போக்கு, கொக்கிப்புழு, உணவில் இரும்புச்சத்துக் குறைவு ஆகியன இதன் பொதுவான காரணங்கள். உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்றவை அதைக் கூட்டும். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. டானிக் மட்டும் குடித்து வந்தால் புண்ணோ புற்றோ உள்ளே மறைந்து வளரக்கூடும்.

சைவ உணவு உண்போர் வைட்டமின் பி12 குறித்துக் கவனமாக இருத்தல் நலம். தாவர உணவில் அது இயல்பாகக் கிடைப்பதில்லை. பாலும் தயிருமே அவர்களுக்கு ஆதாரம். அதன் குறைவால் சோர்வுடன் பாதங்களில் மதமதப்பும் மறதியும் தோன்றலாம். சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் இக்குறை ஏற்படுவதுண்டு. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உட்கொண்டால் இரத்தம் சீராகலாம். ஆனால் நரம்புகளின் சேதம் தொடரும். லூசி வில்ஸின் நோயாளிகளைக் காத்த அதே சத்து இங்கே நோயை மறைத்துவிடுகிறது. காரணம் அறியாமல் தாமாகவே மருந்து உண்ணலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சுரப்பியும் சர்க்கரையும்

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி உடலின் இயக்க வேகத்தை ஒழுங்குபடுத்துகிறது. அதன் சுரப்பு குறைந்தால் சோர்வுடன் எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல் ஆகியன மெல்ல மெல்லத் தலைகாட்டும். மெல்ல வருவதாலேயே பலர் அவற்றை வயதின் விளைவு என்று விட்டுவிடுகின்றனர். சர்க்கரை நோயிலோ, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் உடலின் அணுக்களால் அதைப் பயன்படுத்த இயலுவதில்லை. மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் அதன் அடையாளங்கள்.

உறக்கமும் மனமும்

உரக்கக் குறட்டை விடுவோர் சிலருக்கு உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு விட்டுவிட்டு நிற்கும். ஒவ்வொரு முறையும் மூளை விழித்துக்கொள்வதால் ஆழ்ந்த உறக்கம் கிட்டுவதில்லை. காலைத் தலைவலியும் பகல் தூக்கமும் இதன் விளைவுகள். இதை முதலில் அறியக்கூடியவர் அருகில் உறங்குபவரே.

மனச்சோர்வு நோயும் உடற்களைப்பாகவே வெளிப்படுவதுண்டு. அதில் முன்பு மகிழ்ச்சி தந்தவற்றிலும் நாட்டம் அற்றுப்போகும். முனைப்பே இல்லாததால் இதைச் சோம்பல் என்று கருதுவது எளிது. ஆனால் அந்த முனைப்பைப் பறித்ததும் நோயே. இதற்கு மருத்துவம் உண்டு, வெட்கப்பட ஏதுமில்லை.

மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் ஆகியன சோர்வுடன் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். சிறுநீரகம், இதயம், கல்லீரல் நோய்களும், ஒவ்வாமைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உண்ணும் சில மாத்திரைகளும்கூடக் களைப்பை உண்டாக்கும்.

காரணம் புலப்படாதபோது

எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்தும் சோர்வு நீங்காதவர்கள் உண்டு. அவர்களுள் சிலருக்கு இருப்பது 'நாட்பட்ட சோர்வு நோய்'. 2015-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று இதற்கான வரையறையை வெளியிட்டது. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட கடும் சோர்வு, சிறு முயற்சிக்குப் பின்னரும் நாள்கணக்கில் நலிவு, புத்துணர்வு தராத உறக்கம் ஆகியவற்றுடன், சிந்தனைத் தடுமாற்றமோ நிமிர்ந்து நிற்கும்போது துன்பமோ இருத்தல் இதன் இலக்கணம். தொற்றுநோய்க்குப் பின் இது தோன்றுவதுண்டு; 2020-இல் பரவிய கோவிட் நோயின் பின்னரும் பலர் இத்தகைய துன்பத்திற்கு ஆளாயினர். இவர்களை 'நடந்தால் சரியாகும்' என்று வற்புறுத்துவது தீங்காகலாம். இருக்கும் ஆற்றலை அளந்து செலவிடுதலே இவர்களுக்கு உகந்தது.

குடும்பத்தின் கடமை

சோர்வு இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும். எப்போது தொடங்கியது, எந்நேரத்தில் மிகுகிறது, உண்ணும் மருந்துகள் எவை என்பவற்றைக் குறித்துச் செல்வது உதவும். மார்பு வலி, மூச்சுத் திணறல், கருநிற மலம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதிக்கலாம்; தைராய்டு, பி12 முதலியவற்றை மருத்துவர் தேவைக்கேற்பத் தீர்மானிப்பார்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் தாய், 'எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதிதான்' என்று சொல்வது பல இல்லங்களில் கேட்கும் குரல். அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை. பிறருக்குச் சேவை செய்வோர் தம் உடலையும் பேண வேண்டும். அவர்களைப் பேணுவதும் சேவையே.