லென்சின் நடுவும் ஓரமும்

பத்தாம் வகுப்பு ஒளியியலில் நாம் வரையும் கதிர்ப்படத்தில், முதன்மை அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் குவிகின்றன. கையில் இருக்கும் குவிலென்சு அப்படிச் செய்வதில்லை. இந்த வேறுபாட்டைச் சோதனைப் பிழை என்று ஒதுக்காமல் பாடமாகவே நடத்தலாம்.

காஞ்சிபுரத்தில் எங்களுக்கு வசதியான பொருள் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம். அதன் உயரம் 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 600 மீட்டர் தள்ளி நின்று 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள லென்சைப் பிடித்தால், வெள்ளைத் தாளில் சுமார் 1 செ.மீ. உயரத்துக்குத் தலைகீழ்க் கோபுரம் விழும். உங்கள் ஊரில் குடிநீர்த் தொட்டி இருந்தாலும் போதும். சூரியன் பக்கம் மட்டும் லென்சைத் திருப்ப விடாதீர்கள்.

முதலில் லென்சின் பாதியைத் தாளால் மூடினால் என்ன ஆகும் என்று கேட்கிறேன். பாதிக் கோபுரம் மறையும் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். மூடிப் பார்த்தால் முழுக் கோபுரமும் இருக்கிறது, வெளிச்சம்தான் குறைகிறது. லென்சின் ஒவ்வொரு பகுதியும் முழுப் பிம்பத்தைத் தருகிறது என்பது அங்கேயே விளங்கிவிடும். அப்படியானால் நடுப்பகுதி தரும் பிம்பமும் ஓரப்பகுதி தரும் பிம்பமும் ஒரே இடத்தில்தான் விழுகின்றனவா?

கறுப்பு அட்டையில் 1 செ.மீ. துளையிட்டு லென்சின் நடுவை மட்டும் திறந்து குவியத் தொலைவை அளக்கச் சொல்லுங்கள். பிறகு நடுவை வட்ட அட்டையால் மறைத்து ஓரத்தை மட்டும் திறந்து அளக்கட்டும். 5 செ.மீ. விட்டமுள்ள இருபுறக் குவிலென்சில் இரண்டாவது அளவு பல மில்லிமீட்டர் குறையும்; விளிம்புக் கதிர்களுக்கு வித்தியாசம் ஏறக்குறைய 1 செ.மீ. கோளப் பரப்பு ஓரக் கதிர்களைத் தேவைக்கு மேல் வளைத்துவிடுகிறது. இதுவே கோளப் பிறழ்ச்சி. ஒருபுறம் தட்டையான லென்சு கிடைத்தால் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்: வளைந்த பக்கம் கோபுரத்தை நோக்கினால், தட்டைப் பக்கம் நோக்குவதைவிடப் பிறழ்ச்சி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே.

அடுத்தது நிறம். சாதாரண கிரௌன் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சிவப்புக்குச் சுமார் 1.514, நீலத்துக்கு 1.522. நம் 10 செ.மீ. லென்சில் நீலம் சிவப்பைவிட ஏறக்குறைய 1.6 மி.மீ. முன்னதாகவே குவியும். அட்டைத் துளை வழியே வரும் டார்ச் வெளிச்சத்தின் பிம்பத்தில், தாளை லென்சின் பக்கம் நகர்த்தினால் ஓரம் செம்மஞ்சளாகும், விலக்கினால் நீலமாகும். இதைத் தீர்க்க முடியாது என்று கருதிய நியூட்டன் 1668இல் ஆடித் தொலைநோக்கிக்குப் போனார். ஆனால் கிரௌன் குவிலென்சுடன், நிறங்களை அதிகம் பிரிக்கும் ஃபிளின்ட் கண்ணாடிக் குழிலென்சைச் சேர்த்தால் நிறப் பிறழ்ச்சி பெருமளவு அடங்குகிறது. ஜான் டோலண்ட் 1758இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெரிய தொலைநோக்கிகளில் இன்றும் ஆடிதான். காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது.

என் வகுப்பில் தறி வீட்டுப் பிள்ளைகள் பலர். பட்டுத் துணியைக் கைலென்சில் பார்த்த ஒருத்தி, "நடுவுல பாவு நேரா இருக்கு, ஓரத்துல வளையுது சார்" என்றாள். பாவும் ஊடையும் நேர்கோடுகள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வளைவது துணி அல்ல, பிம்பம் என்று உடனே சொல்லிவிட்டாள். டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹூக்கும் லென்சோடு இருந்தவர்தான் என்று அப்போது சொல்லிவைத்தேன்.

செய்முறைத் தேர்வில் இரண்டு மாணவர்கள் 9.6 என்றும் 10 என்றும் எழுதினால், லென்சின் எந்தப் பகுதி திறந்திருந்தது என்று குறித்திருக்கிறார்களா என்று பார்த்தே நான் மதிப்பெண் இடுகிறேன்.