சில்லினுள் ஒரு சாளரம்

தென்சென்னையும் அதன் புறநகரும் மின்னணுவியலோடு நெடுநாள் உறவுடையவை. குரோம்பேட்டையில் 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரி மின்னணுவியலைத் தனித் துறையாகக் கற்பித்தது. எழுத்தாளர் சுஜாதா அங்குப் பயின்றவர். தாம்பரத்தில் 1984-ஆம் ஆண்டு 'மெப்ஸ்' ஏற்றுமதி வளாகம் அமைந்தது. கிண்டியை அடுத்த சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 'சக்தி' நுண்செயலிகளுள் ஒன்று, 2018-ஆம் ஆண்டு சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் சில்லாக உருப்பெற்றது. சில்லினை உருவாக்குவோர் அனைவர் முன்னும் ஒரு வினா எழும்: மூடிய சில்லினுள் நிகழும் வழுவை எங்ஙனம் காண்பது?

உட்காணும் வழி

நுண்செயலி ஒரு நொடியில் பல கோடிக் கட்டளைகளை நிறைவேற்றும். அதனை வேண்டிய இடத்தில் நிறுத்தி, அகத்தே உள்ள மதிப்புகளைப் படித்தறிய வேண்டும். இதற்கு உதவுவது 'ஜேடேக்' முறை. மின்சுற்றுப் பலகைகளின் இணைப்புகளைச் சோதிக்க வகுக்கப்பட்ட இம்முறை, 1990-ஆம் ஆண்டு ஐ.இ.இ.இ. தரமாக ஏற்கப்பட்டது, பின்னர் வழுநீக்கத்திற்கும் பயன்பட்டது. காலத்துடிப்பு, நிலைத்தேர்வு, தரவு உள்ளீடு, தரவு வெளியீடு என நான்கு குறிகைகள் இதற்கு அடிப்படை. கணினிக்கும் சில்லுக்கும் இடையே இக்குறிகைகளைக் கொண்டுசெல்வதே வழுநீக்கி இணைப்புப் பலகையாகும்.

அளவறிந்து வழங்கல்

கணினியின் யூ.எஸ்.பி. இணைப்பு 5 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. சில்லுகளோ பெரும்பாலும் 3.3 அல்லது 1.8 வோல்ட்டில் இயங்குபவை. மிகுந்த அழுத்தம் பாய்ந்தால் சில்லு கணத்தில் பழுதாகும். ஆதலால், பலகையில் அழுத்தத்தைக் குறைக்கும் சீராக்கியும் குறிகைகளின் அளவை மாற்றும் சுற்றும் இடம்பெறுகின்றன. வேண்டிய அழுத்தத்தை 'ஜம்பர்' என்னும் சிறு இணைப்புத் துண்டு தேர்ந்தெடுக்கிறது. அதற்கு மற்றொரு நிலையும் உண்டு. சில்லு இருக்கும் பலகைக்குத் தனி மின்வழங்கல் இருப்பின், இணைப்புப் பலகை மின்சாரம் வழங்காது. அப்பலகையின் அழுத்தத்தைச் சான்றாகக் கொண்டு தன் குறிகைகளை அமைத்துக்கொள்ளும். இரு வழங்கல்கள் ஒரே தடத்தில் மோதாமல் இவ்வாறு காக்கப்படுகிறது. எனினும், இரு பலகைகளின் தரை இணைப்பு எப்போதும் பொதுவாக இருத்தல் வேண்டும்.

செய்முறை ஒழுங்கு

பற்றவைப்பு முடிந்ததும், மின்சாரம் தருமுன் குறுக்குச்சுற்று உளதா என ஆராய வேண்டும். பின்னர்ச் சில்லினை இணைக்காமலே மின்சாரம் தந்து, ஜம்பரின் ஒவ்வொரு நிலையிலும் கிடைக்கும் அழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். சில்லின் தரவுத்தாளில் உரிய அளவைக் கண்டு, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே ஜம்பரை மாற்றிச் சில்லினை இணைக்க வேண்டும். புதிய சில்லு ஒன்று வார்ப்பாலையிலிருந்து கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். ஒரு கணம் அளந்து பார்க்கும் பொறுமை, அத்தனை மாத உழைப்பையும் காக்கிறது.

கற்பவை கற்றபின்

வீட்டிலுள்ள மின்னேற்றிகளின் மீது அச்சிடப்பட்டுள்ள வெளியீட்டு மின்னழுத்த அளவுகளைத் தொகுத்து அட்டவணைப்படுத்துக.