சில்லர் கம்பிரசர் டிரிப் ஆனால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தி. நகர் ஜவுளிக்கடையோ, மயிலாப்பூர் கல்யாண மண்டபமோ, அடையாறு மருத்துவமனையோ, சில்லர் நின்றதும் மேனேஜர் சொல்வது "ரீசெட் பண்ணிப் பாருங்க" என்பதுதான். அந்த ரீசெட்டில்தான் பல கம்பிரசர்கள் எரிகின்றன. காண்டாக்டர் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, லட்சக்கணக்கில் செலவு வைக்கும் ரீவைண்டிங்கில் போய் நிற்கும். இதை இன்றே பிளான்ட் ரூம் சுவரில் ஒட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

• அலாரத்தை அழிக்கும் முன் டிஸ்ப்ளேயைப் படமெடுங்கள். டிரிப் ஆன நேரத்து ஆம்ப்ஸும் பிரஷரும்தான் பாதி விடை.

• ஐசோலேட்டரை ஆஃப் செய்து பூட்டுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். ஈ.பி. போனதும் ஜெனரேட்டர் தானாக எடுக்கும் கட்டடத்தில் "கரண்ட் இல்லை" என்ற பேச்சை நம்பிக் கை வைக்க முடியாது.

• டெஸ்டரை ஒதுக்கிவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். லைவ் என்று தெரிந்த இடத்தில் மீட்டரைச் சோதித்த பிறகே கம்பிரசர் பக்கம் போங்கள்.

• மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் எழுதிக் கணக்குப் போடுங்கள். 415, 410, 396 என்று வந்தால் சராசரி 407. அதிலிருந்து அதிகம் விலகியது 11 வோல்ட், அதாவது 2.7 சதவீதம். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் வைண்டிங்கில் ஏறும் சூடு சுமார் 15 சதவீதம் கூடிவிடும். 2 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்ட வேண்டாம். இன்கமரிலேயே இப்படி வந்தால் மின்னகத்துக்கு (94987 94987) புகார் சொல்லுங்கள். இன்கமரில் சரியாக இருந்தால் கோளாறு உங்கள் பேனலில்தான்: லூஸ் லக், கருகிய ஃபியூஸ், தேய்ந்த காண்டாக்ட்.

• சாந்தோம், பெசன்ட் நகர் மொட்டைமாடி என்றால் லக்குகளை முதலில் பாருங்கள். உப்புக்காற்று பச்சை பூக்க வைத்துவிடும்.

• ஸ்டார்ட்டர் லீடுகளைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் வைண்டிங்குக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். ரீடிங் குறைவாக வந்தால் உடனே மோட்டார் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். எண்ணெயில் கலந்திருக்கும் திரவ கேஸும் ரீடிங்கை இறக்கும். கிராங்க்கேஸ் ஹீட்டரைப் போட்டு, சூடேறியதும் மறுபடி பாருங்கள். அப்போதும் 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

• ஓவர்லோட் டிரிப் என்றால் கன்டென்சரையும் பாருங்கள். லாரித் தண்ணீர், போர் தண்ணீரின் உப்பு ட்யூபில் படிந்தால் ஹெட் பிரஷர் ஏறும், கூடவே ஆம்ப்ஸும் ஏறும். மோட்டார் மேல் குற்றமே இருக்காது.

• 2016 வர்தா புயல்போல நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனால், வந்ததும் ஹீட்டரை மட்டும் போடுங்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு 12 முதல் 24 மணி நேரம் தேவை, மேனுவலைப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• காரணம் தெரியாமல் ரீசெட் செய்யாதீர்கள். எர்த் ஆன வைண்டிங்குக்கு ஒவ்வொரு ஸ்டார்ட்டும் இன்னொரு பொறி. எண்ணெய் அமிலமாகி கேஸ் லைன் முழுக்கப் பரவும்.

• ஓவர்லோட் ரிலேயின் செட்டிங்கை ஏற்றாதீர்கள். டிரிப் நிற்கும், சூடு நிற்காது.

• ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலேக்கு ஜம்பர் போடாதீர்கள். தீபாவளி வாரத்தில், கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, முதலாளி பக்கத்தில் நின்று கேட்டாலும் போடாதீர்கள். கேபிள் வேலை முடிந்தபிறகு ஃபேஸ் வரிசை மாறி வருவது சாதாரணம். ஸ்க்ரூ கம்பிரசர் சில நொடிகள் தலைகீழாகச் சுற்றினாலே உள்ளே சேதம் தொடங்கிவிடும்.

• டெர்மினல் மூடி இல்லாமல் ஹெர்மெட்டிக் கம்பிரசருக்கு சப்ளை கொடுக்காதீர்கள். உள்ளே எர்த் ஆகியிருந்தால் டெர்மினல் பின் பிய்த்துக்கொண்டு வரும். பீய்ச்சும் எண்ணெயில் தீப்பிடிக்கும். உயிர் போகிற விஷயம் இது.

• சிஸ்டம் வேக்குவத்தில் இருக்கும்போது மெக்கர் போடாதீர்கள், சப்ளையும் கொடுக்காதீர்கள். வேக்குவத்தில் டெர்மினல்களுக்கிடையே எளிதில் பொறி தாவும்.

• தெர்மிஸ்டர் லீடிலும், வி.எஃப்.டி. இணைந்திருக்கும் லைனிலும் மெக்கரை வைக்காதீர்கள். ஒரே அழுத்தில் எலக்ட்ரானிக்ஸ் காலி.

• வி.எஃப்.டி. மூடியை உடனே திறக்காதீர்கள். ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் நிமிடங்கள் காத்திருங்கள்.

• வெள்ளத்தில் மூழ்கிய பேனலை, காய்ந்துவிட்டது என்று ஆன் செய்யாதீர்கள். 2015 டிசம்பரில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக்குள் புகுந்த அடையாற்றுத் தண்ணீரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பேஸ்மென்ட்களில் தேக்கிய தண்ணீரும் சேறும் சாக்கடையுமாகத்தான் வந்தன. காண்டாக்டர், ரிலே, போர்டு எல்லாம் புதிதாக மாற்ற வேண்டியவை. கேபிளையும் மோட்டாரையும் உலர்த்தி, மெக்கர் தேறினால் மட்டும் சப்ளை கொடுங்கள்.

• எரிந்த கம்பிரசரின் எண்ணெயை வெறுங்கையால் தொடாதீர்கள். அமிலம் தோலை அரிக்கும். ஃபில்டர் டிரையரை மாற்றி, ஆசிட் டெஸ்ட் பார்க்காமல் புது கம்பிரசரை ஓட்டவும் வேண்டாம். பழைய அமிலமே புது வைண்டிங்கையும் தின்றுவிடும்.